உப்புக் காற்றும் ஹாஸ்டல் அறையும்: வாசகர் கேள்வி – பதில்

நாகப்பட்டினத்திலும் சுற்றுவட்டாரத்திலும் படிக்க வந்திருக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை. பாதிக் கேள்விகள் நேரடியாகக் கடலைப் பற்றியவை. மீதியும் சுற்றிவளைத்து அங்கேதான் போய் நிற்கின்றன.

சேலம் பக்கத்திலிருந்து மீன்வளப் படிப்புக்காக நாகை வந்திருக்கிறேன். கிணற்றில் நன்றாக நீந்துவேன். இங்கே கடலில் குளிக்கலாமா? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– முதலாண்டு மாணவர், நாகப்பட்டினம்

கிணற்று நீச்சல் உங்களை மிதக்க வைக்கும், அவ்வளவுதான். கடலில் ஆளைக் கொண்டுபோவது ஆழம் இல்லை, இழுப்பு.

தண்ணீருக்கு அடியில் கரையை ஒட்டி மணல்திட்டு ஒன்று ஓடும். அலைகள் அந்தத் திட்டைத் தாண்டி உள்ளே கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். திட்டில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ, அங்கே கூடி, மடை திறந்த வாய்க்கால் மாதிரி கடலுக்குள் பாயும். சாதாரண நாளில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் இருக்கும். கடல் கொந்தளித்தால் 2 மீட்டரைத் தொடும். ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்துப் போக முடியாத வேகம் அது.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இறங்குவதற்கு முன் மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கிடக்கும். அங்கே தண்ணீர் சற்று கருத்தோ கலங்கியோ இருக்கும்; நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் வெளியே போகும். பார்க்கச் சாதுவாக இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் 'இங்கேதான் அலை இல்லை' என்று குறிபார்த்து அந்த இடத்திலேயே இறங்குவார்கள். வினையே அதுதான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். இழுப்பு உங்களை வெளியே தள்ளுமே தவிர அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டிக் கத்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வடக்கிலோ தெற்கிலோ, 30, 40 மீட்டர் நீந்துங்கள். அலை உடைகிற இடம் வந்ததும் சாய்வாகக் கரையைப் பார்த்துத் திரும்புங்கள், அலையே தள்ளிவிடும். செத்துப்போகிறவர்களில் பெரும்பாலோர் எதிர்நீச்சல் போட்டுக் களைத்தவர்கள்.

கண்டிப்பாக இறங்கக் கூடாத இடங்கள் ஆற்று முகத்துவாரங்கள். நாகையில் கடுவையாறு, நாகூரில் வெட்டாறு, வேளாங்கண்ணியில் வெள்ளையாறு. முழங்கால் தண்ணீரில் நிற்பதாக நினைத்து எடுத்து வைக்கும் அடுத்த அடி ஆளுயரமாக இருக்கும். கடல்மட்டம் தாழும் வற்ற நேரத்தில் ஆறும் கடலும் சேர்ந்து இழுக்கும். கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவர்களை ஒட்டியும் இதே கதை. மாதங்களில் பார்த்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றுக் காலத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் காற்றே இல்லாத நாளிலும் தெற்கே வெகுதூரத்தில் எழுந்த பேரலை இங்கே வந்து மோதுவது உண்டு. கேரளத்தார் 'கள்ளக்கடல்' என்பது அதைத்தான். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் அதற்கு முன்னறிவிப்பு கொடுக்கிறது. அறிவிப்பு வந்த நாளில் கடற்கரைப் பக்கமே வேண்டாம்.

நண்பர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள், ஒன்று இரண்டாகும். கூட்டமாகப் போகும்போது மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேன் ஒன்றும், அதில் கட்டிய 15 மீட்டர் கயிறும் எடுத்துப் போங்கள். நூறு ரூபாய்ச் செலவில் அதைவிட நல்ல உயிர்காப்பு கிடைக்காது. கரைக்குக் கொண்டுவந்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலையே கூடாது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைக்க ஒருவரை விட்டுவிட்டு, முதலில் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், அடுத்து 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏற்றினால் கல்லூரிக்கு லீவு உண்டா?
– இரண்டாமாண்டு மாணவி, நாகூர்

லீவு விடுவது கலெக்டர், கூண்டு இல்லை. கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் சொல்லப்படும் சேதி. 1, 2 என்றால் தூரத்தில் புயல் உருவாகலாம் அல்லது உருவாகிவிட்டது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 5, 6, 7 அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கிறது, அல்லது நேராகத் துறைமுகத்தின் மேலேயே வருகிறதா என்பதை வைத்து எண் மாறும். 8, 9, 10 அதேபோல் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது 4-ஐத் தாண்டும்போது. அன்றைக்கே பவர் பேங்கை நிரப்பி, ஆளுக்கு ஒரு கேன் குடிநீர் பிடித்து, சான்றிதழ்களை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கையில் கொஞ்சம் ரொக்கம் எடுத்து வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது கிராமப் பக்கங்களில் மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. கரண்ட் இல்லாவிட்டால் ஏ.டி.எம்.மும் இல்லை, ஜி.பே.யும் இல்லை. காற்று சட்டென்று அடங்கினால் வெளியே வந்து வேடிக்கை பார்க்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். அரை மணி, ஒரு மணி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஜூன் மாதம் புது சைக்கிள் வாங்கினேன். மூன்றே மாதத்தில் செயின் செம்மண் நிறமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டும் நிற்கவில்லை.
– கடற்கரைச் சாலையில் அறை எடுத்திருக்கும் மாணவர்

தேங்காய் எண்ணெய்தான் பாதிக் குற்றவாளி. அது நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும்; மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அரத்தாள்தான். மீதிப் பாதி உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பின் மேல் படிந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். இங்கே அநேகமாக எல்லா இரவும் அப்படித்தான். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் சைக்கிள் தினமும் உப்புத் தண்ணீரில்தான் நனைகிறது.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயின், ரிம், கம்பி எல்லாம் துடையுங்கள். போர்வெல் தண்ணீரே உப்பென்றால் அதை ஊற்றிக் கழுவுவதில் பயனில்லை. மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ அரை லிட்டர் போதும். வெயிலில் அரை மணி காயவிட்டு, செயினின் உள்பக்கமாக ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்கள். பெடலைப் பின்னால் இருபது சுற்று சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது ஆணிக்குள்ளே. வெளியே மினுமினுப்பது மண்ணைக் கூட்டத்தான். தையல் மிஷின் எண்ணெய் போடலாம், ஆனால் மெல்லியது, மூன்று நாளுக்கொருமுறை வேண்டும். கிரீஸ் செயினுக்கு வேண்டாம். அதை சீட் கம்பிக்குப் போடுங்கள்: மாதம் ஒருமுறை சீட்டை உருவிக் கிரீஸ் தடவிச் செருகாவிட்டால் வருடக் கடைசியில் சுத்தியலுக்கும் அசையாது.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க இரும்பு டேப் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிடுங்கள். விட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். கடற்கரை ஈரமணலில் சைக்கிள் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை இருந்தால் நண்பருடைய சைக்கிளில் எடுங்கள்.

மூன்று பேர் சேர்ந்து வீடு பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? இப்போதிருக்கும் அறையில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, அது ஏன்?
– பொறியியல் மாணவர்கள்

பருப்பிலிருந்தே தொடங்கலாம். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். அவை பருப்புக்குள் இருக்கும் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்திவிடும். எத்தனை விசில் விட்டாலும் கல்லாக நிற்கும். பருப்பை ஊறவைப்பதும் வேகவைப்பதும் கேன் தண்ணீரில் செய்யுங்கள். உப்பும் புளியும் வெந்த பிறகே. மூன்று பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு பத்து லிட்டர் ஆகும். அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு நாள். வாடகையை ஒப்பிடும்போது மாதம் 15 கேனின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நல்ல தண்ணீர்க் குழாய் உள்ள வீடு ஐந்நூறு கூடுதலாக இருந்தாலும் மலிவாக முடியலாம்.

வீடு பார்க்கப் போனால் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். சிமென்ட் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அந்த இடத்துக்குக் கீழே கட்டில் போட முடியாது. தெருவைவிடத் தரை தாழ்ந்த வீடு ஐப்பசியில் குளமாகும். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதைக் குடியேறும் முன்பே எழுதி வாங்குங்கள். முன்பணம் பற்றித் தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டம் சொல்வது: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ஐந்து என்று எழுதியிருக்க, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேச முடியாது.

திருவாரூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறேன். மாணவர் சீசன் டிக்கெட் எப்படி?
– இளங்கலை மாணவி

பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். உங்களைப் போல் பலருக்கு இது தெரியாது. ஆண்களுக்கு இந்தச் சலுகை 12-ம் வகுப்பு வரைதான். கல்லூரி மாணவர்களுக்குச் சலுகைக் கட்டண சீசன் உண்டு. இரண்டுக்கும் கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவம் வாங்கி, முத்திரையோடு ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். மொபைல் செயலியில் ஆகாது. முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் சீசன் இருந்தும் அபராதம்தான்.

பொழுது போகவில்லை. கரையில் நின்று தூண்டில் போட ஆசை. ஆயிரம் ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்? ஒருமுறை போட்டுப் பார்த்தோம், இரை மட்டும் காணாமல் போகிறது.
– ஹாஸ்டல் நண்பர்கள் நால்வர்

ஆயிரம் எதற்கு? கைத்தூண்டிலுக்கு இருநூறு போதும். கம்பும் ரீலும் அப்புறம் பார்க்கலாம்.

0.35 அல்லது 0.40 மி.மீ. தூண்டில் நரம்பு (நைலான் இழை) 50 மீட்டர். அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றிக்கொள்ளுங்கள். 30 முதல் 50 கிராம் ஈயக்குண்டு நாலைந்து. 8 அல்லது 10-ம் எண் முள் ஒரு பாக்கெட். இரை காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முள்ளின் அளவுதான். கரையோரம் மேய்வது கிழங்கான், சின்ன மடவை மாதிரி வாய் சிறுத்த மீன்கள். பெரிய முள்ளில் அரை இறாலைக் கோத்தால் அவை ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும். தோலுரித்த இறாலைச் சுண்டுவிரல் நக அளவு நறுக்கி, முள்ளின் வளைவு முழுக்க மறையும்படி, நுனி மட்டும் லேசாகத் தெரியும்படி கோத்துவிடுங்கள்.

குண்டை நரம்பின் கடைசியில் கட்டி, அதற்கு ஒரு முழம் மேலே 20 செ.மீ. கிளை நரம்பில் முள்ளைக் கட்டுங்கள். முடிச்சு இப்படி: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, தன்மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, கண்ணை ஒட்டியிருக்கும் முதல் வளையத்துக்குள் நுனியைத் திருப்பி விட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்ந்து சூடேறி அந்த இடமே பலவீனமாகும். மீன் இழுக்கும்போது அங்கேதான் அறுபடும்.

இன்னொரு தப்பு, முடிந்த மட்டும் தூரமாக வீசுவது. கிழங்கான் மேய்வது கரையில் அலை உடைகிற இடத்துக்கும் மணல்திட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில். 15, 20 மீட்டர் போதும். கடல்மட்டம் உயரும் ஏற்ற நேரமாக அமையும் விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் நல்லது. இந்தக் கரையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஈரமணல் கோட்டில் குச்சி நட்டுப் பாருங்கள். குண்டு உருண்டுகொண்டே போனால் எடை போதவில்லை. நரம்பை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டு, 'டுக் டுக்' என்றதும் வெடுக்கென்று இழுக்காமல் ஒரு நொடி விட்டுச் சுண்டுங்கள்.

கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை கையை வைத்திருங்கள். வலி நன்றாகக் குறையும். சூட்டை முதலில் குத்தாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் மரத்த கைக்குக் கொதிநீரும் தெரியாது. பிறகு மருத்துவரிடம் டெட்டனஸுக்கான டி.டி. ஊசி. பந்துபோல் உப்புகிற பேத்தை மீன் வந்தால் திருப்பி விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தால் போகாது, ஆளைக் கொல்லும். படகு ஏற்றும் இடத்திலும் கரைவலை இழுக்கும் இடத்திலும் தூண்டில் வீச வேண்டாம். அறுந்த நரம்பை மணலில் போடாதீர்கள். நாய், காக்கை, ஆமை எல்லாவற்றுக்கும் அது சுருக்குக் கயிறு.

கானாங்கெளுத்தி வாங்கி அறையில் குழம்பு வைத்தோம். சாப்பிட்ட அரை மணியில் மூன்று பேருக்கும் முகம் சிவந்து தலைவலி. மூவருக்கும் ஒரே நேரத்தில் மீன் அலர்ஜி வருமா?
– முதுகலை மாணவர்

வராது. அது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலை. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் பாக்டீரியா அதன் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். ஒருமுறை உண்டானதைக் கொதிக்கவைத்தும் பொரித்தும் அழிக்க முடியாது. மீன் நாறவும் வேண்டியதில்லை. வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் நாக்கு சுரீரென்றால் துப்பிவிடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் வாங்கும்போதே பார்க்க வேண்டியது: செவுள் ரத்தச் சிவப்பு, கண் புடைப்பு, அமுக்கிய குழி உடனே மேலே வருவது. வாங்கிய மீனுக்குச் சமஎடை ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள். கூறு கட்டி விற்கும் காரப்பொடி, மத்தி மாதிரிச் சின்ன மீன்தான் மாணவர் பர்ஸுக்கு ஏற்றது, ருசியிலும் வஞ்சிரத்துக்குக் குறைவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது விலை ஏறும், வெளியூர் ஐஸ் மீனும் கலந்து வரும். செவுளை இரண்டு முறை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் போய்வர இடம் சொல்லுங்கள். சினிமாவும் மாலும் வேண்டாம்.
– மூன்றாமாண்டு மாணவிகள்

மால் கேட்டாலும் இங்கே கிடைக்காது. இரண்டு இடம் சொல்கிறோம்.

வடக்கே தரங்கம்பாடி, காரைக்கால் வழியாகச் சுமார் 35 கி.மீ. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் கட்டிய 1718-ம் ஆண்டுத் தேவாலயம் ராஜா தெருவில் இருக்கிறது. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்பதையும் பாருங்கள். நிழல் குறைவு, காலை ஒன்பதுக்குள் போய்ச் சேருவது நல்லது.

தெற்கே கோடியக்கரை. வேதாரண்யம் வரை பஸ், அங்கிருந்து டவுன் பஸ். வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய மண். சரணாலயம் 1967-லிருந்து இருக்கிறது. வெளிமான்கள் எப்போதும் உண்டு, பூநாரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போக வேண்டும். பறவைகள் தூரத்தில் நிற்கும் என்பதால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் நால்வருக்கு ஒன்றாவது வேண்டும். 20 மடங்கு என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கமும் இருபது மடங்காகும். உள்ளே கடை இல்லை, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கடைசி டவுன் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கும் போகவில்லையென்றால் சாயங்காலம் நாகூர். தர்கா குளக்கரையில் காற்று வாங்கிவிட்டு, சூடாக ஓர் இறால் வாடா. ஆறிவிட்டால் அது வேறு பண்டம்.

ஆகஸ்ட் கடைசியில் வீட்டார் என்னைப் பார்க்க வர நினைக்கிறார்கள். வேளாங்கண்ணியில் அறை கிடைக்குமா?
– முதலாண்டு மாணவி

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அந்தப் பதினோரு நாளும் அறை கிடைக்காது. பஸ்ஸில் நிற்க இடமும் கிடைக்காது. நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கும் இதே நிலைதான், அது ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். வீட்டாரை ஆகஸ்ட் 20-க்கு முன்போ செப்டம்பர் 12-க்குப் பின்போ வரச் சொல்லுங்கள்.